பெரிய பிள்ளைகளைத் தனியே பயணம் விடலாமா?

ஜூலை 26 – ஒரு வாசகியின் கேள்வி

ஆகஸ்ட் முதல் கிழமை ரொறன்ரோவில் இருந்து யாழ்ப்பாணம் வருகிறோம். மகளுக்கு 15, மகனுக்கு 13. இங்கே இருவரும் சப்வே, பஸ் எல்லாம் தாங்களே மாறிப் பள்ளிக்கூடம் போய்வருகிறவர்கள். தமிழ் விளங்கும், கதைக்க வராது. மூன்று கிழமையும் கோயில், கல்யாண வீடு, சொந்தக்காரர் வீடு என்று எங்களுக்குப் பின்னால் இழுபடமாட்டார்களாம். ஒரு நாளாவது தாங்களாக நயினாதீவு போய்வர வேண்டுமாம். அங்கே இருக்கிற அம்மாவிடம் சொன்னேன், போனிலேயே அழத் தொடங்கிவிட்டார். ஊரில் பிள்ளை வளர்ப்பவர்கள் சொல்லுங்கள், விடலாமா?

ஜூலை 27

கொண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். எனக்கும் மகள் 15, மகன் 12. விடலாம்.

ஏன் என்று கேட்டால், ஏற்கெனவே விட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். என் மகள் விடிய ஐந்தே முக்காலுக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரியூசனுக்குப் போகிறாள். மார்கழியில் அந்த நேரம் தெரு நல்ல இருட்டு. பலாலி வீதியில் மினிபஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வரும். வழி நெடுக நாய்கள். அதை எங்கள் வீட்டில் ஒருவரும் தனிப் பயணம் என்று சொல்வதில்லை, படிப்புக்குப் போகிறாள் என்றுதான் சொல்வோம். அதே பிள்ளை லீவு நாளில் பகல் பத்து மணிக்குக் கடல் பார்க்கப் போகிறேன் என்று வாய் திறந்தால், அம்மம்மா முதல் அடுத்த வீட்டு மாமி வரை கூடி நின்று மறிப்பார்கள். பயம் வழியைப் பார்த்து வருகிறது என்றால் ரியூசனுக்கும் வரவேண்டுமே. பிள்ளை சந்தோசத்துக்காகப் போகிறது என்றவுடன் வருகிற பயம் இது. அதைப் பல நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

உங்கள் பிள்ளைகளுக்குப் பயணம் தெரியும், ஊர் தெரியாது. என் பிள்ளைகளுக்கு ஊர் தெரியும், பயணம் தெரியாது. இரண்டில் எது இலகுவாகக் கற்றுக்கொள்ளக்கூடியது என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

ஜூலை 27, இரவு

நயினாதீவு முதல் பயணத்துக்கு நல்ல தெரிவு. யாழ்ப்பாணப் பஸ் நிலையத்தில் 776ஆம் இலக்க பஸ் ஏறினால் பண்ணைப் பாலம், வேலணை, வாணர் பாலம், புங்குடுதீவு, பிறகு குறிகாட்டுவான். பஸ் கடைசியாக நிற்கிற இடமே இறங்குதுறை. ஆகவே தவறி இறங்க வழியில்லை. அங்கிருந்து படகில் இருபது நிமிடம் அளவில். பாதுகாப்பு அங்கி தருவார்கள், வெக்கையாக இருக்கிறது என்று கழற்றக்கூடாது என்று முதலே சொல்லிவையுங்கள். ஆகஸ்டில் சோளகக் காற்று. கடல் கொஞ்சம் எழும்பும்.

கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று போகும்போதே குறிகாட்டுவானில் கேட்கவேண்டும். திரும்பும்போது கேட்டுப் பயனில்லை.

வீட்டு இலக்கங்கள் நான்கை ஒரு கடதாசியில் எழுதிச் சட்டைப் பைக்குள் வைத்துவிடுங்கள். போன் கைவிட்டாலும் கடதாசி கைவிடாது.

அப்புறம், தமிழ் விளங்கும், கதைக்க வராது என்று எழுதியிருந்தீர்கள். முழுத் தமிழும் வேண்டாம், நான்கு வசனம் போதும். "அண்ணை, இது குறிகாட்டுவான் பஸ்ஸோ?" "கடைசிப் படகு எத்தினை மணிக்கு?" "ஒருக்கால் போன் தருவீங்களோ?" நான்காவது "இறக்கம்!" பஸ்ஸில் அதைத் தொண்டை திறந்து கத்தவேண்டும். மெதுவாகச் சொன்னால் அடுத்த ஊரில்தான் இறங்குவார்கள். வீட்டில் கத்திப் பழக்குங்கள்.

ஆகஸ்ட் 1

மற்றவர்களுக்கு "விடலாம்" என்று எழுதிவிட்டு என் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்திருப்பது சரியில்லை என்று பட்டது. நயினாதீவுக்கு முன் ஒரு ஒத்திகை வைத்தோம். நல்லூர்த் திருவிழா நடக்கிறது, 25 நாளும் ஊரே அங்கேதான். ஆறு மணிக்கு இருவரையும் கோயில் முன்வீதியில் விட்டுவிட்டு, எட்டு மணிக்கு முத்திரைச் சந்தியில் சங்கிலியன் சிலையடிக்கு வரச் சொன்னோம். இடையில் போன் எடுப்பதில்லை என்று ஒப்பந்தம்.

எட்டுக்கு ஆளில்லை. எட்டே பத்துக்கும் இல்லை. இவர் கச்சான் கடைகளுக்குள் தேடப் போக, நான் சிலையடியை விட்டு நகராமல் ஒவ்வொரு பச்சைச் சட்டையையும் பார்த்துக்கொண்டு நின்றேன். எட்டு இருபதுக்கு இருவரும் ஆடி அசைந்து வந்தார்கள். ஐஸ்கிறீம் கடையில் இடம் கிடைக்க நேரமாகிவிட்டதாம். அதற்குள் இவரைக் காணவில்லை. பிள்ளைகளைத் தேடப் போனவரைப் பிள்ளைகள் தேடிக் கூட்டிவந்தார்கள். மகன் அதைச் சொல்லிச் சொல்லி இன்னும் சிரிக்கிறான்.

இதில் கற்றது ஒன்று உண்டு. ஒரு நேரம் சொல்லக்கூடாது, இரண்டு நேரம் சொல்லவேண்டும். எட்டுக்கு வா. வர முடியாவிட்டால் எட்டரைக்குள் வா. எட்டரைக்குப் பிறகுதான் நாங்கள் தேடத் தொடங்குவோம். இடையில் உள்ள அரை மணி பிள்ளைக்குரியது, பெற்றவர்கள் அதற்குள் கைவைக்கக்கூடாது. இதனால் எனக்கு நிம்மதி வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் எப்போது பதறவேண்டும் என்று தெரிந்திருப்பது பெரிய உதவி.

ஆகஸ்ட் 2

பிள்ளை எங்கே நிற்கிறது என்று வரைபடத்தில் காட்டுகிற வசதியைப் போனில் போட்டுவிடலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போட்டுப் பார்த்தேன். மகள் ரியூசனுக்குப் போன ஒன்றரை மணி நேரமும் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன், அடுப்பில் பருப்பு கருகிவிட்டது. புள்ளி ஒரு சந்தியில் நான்கு நிமிடம் நின்றதும் நெஞ்சு அடித்தது. சினேகிதியோடு கதைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். எடுத்துவிட்டேன். ஆபத்து வந்தால் புள்ளி வந்து காப்பாற்றாது. பிள்ளை வாய் திறந்து பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டால்தான் உதவி வரும்.

ஆகஸ்ட் 6

நேற்றுப் போய்வந்தார்கள். முழுவதையும் எழுதுகிறேன், ஏனென்றால் 27ஆம் திகதி நான் எழுதியதில் இரண்டு பிழை இருக்கிறது.

விடிய ஏழு மணிக்குக் கொண்டாவில் சந்தியில் நானே பஸ் ஏற்றிவிட்டேன். தண்ணீர்ப் போத்தல் இரண்டு, ரொட்டியும் சம்பலும், காசு இரண்டு இடத்தில், இலக்கங்கள் எழுதிய கடதாசி மகனின் சட்டைப் பைக்குள். ஒன்பதரைக்குக் குறிகாட்டுவானில் இருந்து போன். பத்து மணிபோல் "அம்மா, படகிலை ஏறிட்டம்." பிறகு சத்தமில்லை. சத்தம் இருக்காது என்று முதலே பேசியதுதான்.

அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு அமுதசுரபி அன்னதான மடத்தில் சாப்பிட்டிருக்கிறார்கள். பந்தியில் சோறு போட்டுக்கொண்டு வந்த ஐயா, "ஆரோடை வந்தனீங்கள் பிள்ளையள்?" என்று கேட்டாராம். "நானும் தம்பியும்தான்" என்று மகள் சொல்ல, அவர் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு இருவர் இலையிலும் இன்னொரு அகப்பை பாயாசம் விட்டாராம். அதை அவள் சொன்ன விதத்தை நான் மறக்கமாட்டேன். பெரிய மனுசியாக ஒருவர் தன்னை மதித்த சந்தோசம் அது.

பிறகு நாகவிகாரை வரை நடந்திருக்கிறார்கள். பிழை நடந்தது அங்கேதான். நயினாதீவில் இறங்குதுறை இரண்டு, ஒன்று கோயிலடியில், மற்றது விகாரையடியில். இவர்கள் ஒரு துறையில் குந்தியிருக்க, திரும்புகிற படகு மற்றதில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. "தவறி இறங்க வழியில்லை" என்று எழுதியிருந்தேன். பஸ்ஸுக்கு அது சரி. படகுக்குப் பிழை. திரும்பும் படகு எந்தத் துறைக்கு வரும் என்று இறங்கும்போதே படகுக்காரரிடம் கேட்கவேண்டும்.

அடுத்த பிழை கடதாசி. மகன் படகில் காற்று வாங்குகிற பக்கமாகப் பார்த்து இருந்திருக்கிறான். சோளகம் அடித்த அடியில் சட்டை தோய்ந்து, பைக்குள் இருந்த கடதாசியில் நான்கு இலக்கமும் நீல மையாகக் கரைந்து போயிற்று. மகளின் போனில் கடலை வீடியோ எடுத்தே சார்ஜ் முடிந்துவிட்டது. ஆகக் கையில் போனும் இல்லை, கடதாசியும் இல்லை. அவளுக்கு என் இலக்கம் மனப்பாடம் என்பதால் தப்பினோம். கடதாசி கைவிடாது என்று நான் எழுதியதை அழித்துவிட்டு இதைப் படியுங்கள்: குறைந்தது இரண்டு இலக்கம் பிள்ளைக்கு மனதில் இருக்கவேண்டும். வாய்ப்பாடு சொல்லிக் கேட்பதுபோல் கேளுங்கள்.

நாலு மணிக்குத் தெரியாத இலக்கத்தில் இருந்து போன் வந்தது. "அம்மா, படகு போட்டுது. பயப்பிடாதேங்கோ, அடுத்ததிலை வாறம். இது கடைக்கார அன்ரியின்ரை போன்."

நான் என்ன செய்திருக்கவேண்டும்? சரி பிள்ளை, கவனமாக வா என்று சொல்லியிருக்கவேண்டும். நான் கத்தினேன். "உனக்கு அறிவிருக்கோ, தம்பியையும் வைச்சுக்கொண்டு" என்று தொடங்கி என்னென்னவோ. மற்றப் பக்கம் சத்தமில்லை. பிறகு "சரியம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அந்த "சரியம்மா" இன்னும் காதுக்குள் நிற்கிறது.

அதற்குப் பிறகு முற்றத்தை மூன்று தரம் கூட்டினேன். கூட்டின இடத்தையே கூட்டினேன். இவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு குறிகாட்டுவானுக்கே போகப்போகிறேன் என்றார். வேண்டாம், பஸ் நிலையத்தில் நில்லுங்கள், அவர்கள் ஏறிய பஸ்ஸை வழியில் தவறவிட்டால் இன்னும் கரைச்சல் என்றேன். ஏழே காலுக்கு மூவரும் வீட்டுக்கு வந்தார்கள். மகன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னது: "அம்மா, எனக்கு அரை ரிக்கெட் இல்லை, முழு ரிக்கெட் தந்தவை!" மகள் நேரே குளிக்கப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 8

இதை எழுதலாமா வேண்டாமா என்று மகளிடம் கேட்டேன். எழுதச் சொன்னாள்.

திரும்பி வந்த பஸ்ஸில் சனம் அதிகம். நின்றுகொண்டு வந்திருக்கிறாள். புங்குடுதீவு தாண்டியதில் இருந்து ஒருவன் வேண்டுமென்றே மேலே சாய்ந்துகொண்டு நின்றிருக்கிறான். தம்பியை மற்றப் பக்கம் தள்ளி நிறுத்திவிட்டு, இவள் ஒரு அடி முன்னுக்கு நகர, அவனும் நகர்ந்திருக்கிறான். இவள் திரும்பி, நல்ல சத்தமாக, "தள்ளி நில்லுங்கோ" என்று சொல்லியிருக்கிறாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்ததாம். முன் சீற்றில் மீன் கூடையோடு இருந்த ஒரு அம்மா, "இஞ்சை வா மோனை" என்று கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டிருக்கிறார். அவன் வேலணையில் இறங்கிப் போய்விட்டான்.

இது நடந்தது ஐந்தாம் திகதி பின்னேரம். எனக்குச் சொன்னது ஏழாம் திகதி இரவு. ஏன் பிள்ளை உடனே சொல்லவில்லை என்று கேட்டேன். "படகு போனதுக்கே அந்த ஏச்சு. இதையும் சொன்னால் இனி எங்கையும் விடமாட்டியள்."

எனக்கு நித்திரை வரவில்லை. இந்தப் பக்கத்தில் நான் எழுதிய துறை, கடதாசி, நேரம், இலக்கம் எல்லாவற்றையும்விடப் பெரிய விசயம் இதுதான். வழியில் நடந்ததைச் சொன்னால் அடுத்த பயணம் பறிபோகும் என்று தெரிந்த பிள்ளை சொல்லாது. சொல்லாத பிள்ளைக்கு நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது. நானும் அந்த வயதில் சொல்லவில்லை. மினிபஸ்ஸில் எத்தனை தரம் நடந்திருக்கும். அம்மாவிடம் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. சட்டை ஓரத்தில் ஒரு ஊசி குத்திவைத்திருந்தேன், அது மட்டும்தான் துணை. நேற்று இரவு மகளுக்கு அந்த ஊசிக் கதையைச் சொன்னேன். "உங்களுக்கும் நடந்ததோ?" என்று கேட்டாள். 15 வருடம் வளர்த்த பிள்ளைக்கு நான் அதை இப்போதுதான் சொல்கிறேன்.

ஆகவே எங்கள் வீட்டில் புதிதாக ஒரு வாக்கு. பயணத்தில் எது நடந்தாலும் சொல்லலாம். சொன்னதற்காக அடுத்த பயணம் நிறுத்தப்படாது. ஏச்சும் இல்லை. நான் தான் முதலில் கைகொடுத்தேன்.

ஆகஸ்ட் 9

"இதற்காகத்தான் பெண்பிள்ளைகளை விடக்கூடாது என்கிறோம்" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். கோபத்தோடுதான் பதில் எழுதுகிறேன். சாய்ந்து நின்றவன் பஸ்ஸில் சுதந்திரமாகப் போகலாம், தள்ளி நிற்கச் சொன்னவள் வீட்டுக்குள் இருக்கவேண்டுமா? அவன் செய்தது இந்த நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் குற்றம். அதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள், ஆண்பிள்ளைக்கும் சேர்த்து. என் மகன் அன்று பக்கத்தில் நின்றும் ஒன்றும் விளங்காமல் நின்றிருக்கிறான். அவனோடும் இருந்து கதைத்தோம்.

ஒரு திருத்தம்: ஊசி வைத்திருங்கள் என்று நான் சொல்லவரவில்லை. என் காலத்தில் வாய் திறக்க முடியாததால் ஊசி. அவளிடம் குரல் இருக்கிறது.

ஆகஸ்ட் 12

நேற்று அம்மாவோடு சண்டை. "நீ என்ன துணிவிலை அதுகளை விட்டனீ?" என்று கேட்டார். வழமையான ஏச்சு என்று நினைத்தேன், ஆனால் அழுதார். பிறகுதான் விளங்கியது.

1995 ஒக்டோபர் 30. சண்டை நெருங்கி வர, யாழ்ப்பாண நகரும் எங்கள் ஊரும் உள்ள வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பிக் கிழக்கே தென்மராட்சிக்குப் போனது. எனக்கு அப்போது 14, தம்பிக்கு 9. மழை. நாவற்குழிப் பக்கம் சைக்கிளும் மூட்டையும் சனமுமாக அடி வைக்க இடமில்லை. அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னுக்கு, அம்மா அம்மம்மாவைப் பிடித்துக்கொண்டு பின்னுக்கு, நானும் தம்பியும் நடுவில். எந்த இடத்தில் அம்மாவின் கை விட்டது என்று இன்றைக்கும் தெரியாது. விடியும் வரை தம்பியின் சட்டைக் கொலரைப் பிடித்தபடி நடந்தேன். கையைப் பிடித்தால் ஈரத்தில் வழுக்கியது, அதனால் கொலர். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் மத்தியானம்போல் அம்மா எங்களைக் கண்டார். கண்டதும் ஓங்கி ஒரு அடி. பிறகுதான் கட்டிப்பிடித்தார்.

அந்த அடியைத்தான் ஐந்தாம் திகதி நான் போனில் என் மகளுக்கு அடித்தேன்.

எங்கள் தலைமுறை பெற்றவர்களில் பலருக்குத் தனியாகப் போவது என்றால் ஒரு பயணம் மனதில் வராது, ஒரு இரவுதான் வரும். ரொறன்ரோ அக்கா, உங்கள் அம்மா போனில் அழுதது உங்கள் பிள்ளைகளை நினைத்து மட்டும் என்று எடுக்காதீர்கள். வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்து கேளுங்கள், ஏதோ ஒன்று சொல்வார். நான் 30 வருடம் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 14

சில கேள்விகளுக்குச் சுருக்கமாக.

கொழும்புக்கு ரயிலில் தனியே விடலாமா என்று கேட்டவருக்கு: 15 வயதில், பகல் ரயிலில், ஏற்றிவிட ஒருவரும் இறக்க ஒருவரும் இருந்தால் நான் விடுவேன். இரவு ரயிலில் விடமாட்டேன். 15 வயதானதும் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கவேண்டும், பயணத்துக்கு முன் அதை முடித்துவிடுங்கள். பிள்ளைகள் மனதில் இருக்கவேண்டிய இலக்கங்கள்: பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, சிறுவர் உதவிக்கு 1929, பெண்களுக்கு 1938. சார்ஜ் உள்ள எந்தப் போனும் போதும்.

வெளியூரில் லீவுக்குப் போய் நிற்கும்போது? சித்திரை லீவில் திருகோணமலை போனோம். கோட்டை வாசலில் நாங்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க, மகளைத் தனியே கோணேசர் கோயில் வரை போய்வரச் சொன்னோம். வழியில் மான்கள் நிற்கும், ஒன்று அவள் கையில் இருந்த கச்சான் சரையைப் பறித்துவிட்டது. ஒரு மணி நேரம்தான். ஆனால் அன்று இரவு எங்களோடு கதைத்தது வேறு பிள்ளை. குடும்பமாகப் போன இடத்தில் ஒரு துண்டை அவர்களுக்கு என்று வெட்டிக் கொடுத்தால், மிச்ச நேரம் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரியமாட்டார்கள். கண்டி, நுவரெலியா என்றால் எனக்கு யோசனை உண்டு, ஏனென்றால் என் பிள்ளைகளுக்குச் சிங்களம் போதாது. உதவி கேட்க மொழி இல்லாத இடத்தில் முதல் பயணம் வேண்டாம்.

நெடுந்தீவு. குறிகாட்டுவானில் இருந்து ஒரு மணி நேரக் கடல். குதிரை, பெருக்க மரம், முருகைக்கல் வேலி எல்லாம் பார்க்கவேண்டும் என்று மகன் கேட்கிறான். அம்மா இருக்கும்போது அந்தக் கதை எடுப்பதில்லை. குமுதினிப் படகின் பெயர் கேட்டாலே எழும்பி உள்ளே போய்விடுவார். 1985 மே 15 அன்று நெடுந்தீவில் இருந்து வந்த சனத்தை அந்தப் படகில் வைத்துக் கொன்றார்கள். அது வேறு காலம், இப்போது கடல் அமைதி என்று அவருக்கு நான் விளக்கம் சொல்லப்போவதில்லை. நெடுந்தீவுக்குக் குடும்பமாகவே போவோம்.

உண்மையில் எனக்குப் பயமான இரண்டு: காவல் இல்லாத ரயில் கடவைகள், நீந்தத் தெரியாமல் கடலுக்குள் இறங்குவது. கசூரினாக் கடற்கரையில் இடுப்பளவு தண்ணீர்தானே என்று சொல்லாதீர்கள். பெரியவர் இல்லாமல் கடல் குளிப்பு இல்லை, அதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஆகஸ்ட் 17

ரொறன்ரோ அக்கா எழுதியிருந்தார். பிள்ளைகள் போய்வந்துவிட்டார்கள். எந்தத் துறை என்று கேட்டு வைத்தார்களாம். மகன் "இறக்கம்" என்று கத்திய கத்தில் சாரதி பண்ணையடியிலேயே பிறேக் போட்டுவிட்டாராம், பஸ் நிலையத்துக்கு நடந்து போயிருக்கிறார்கள். அவருடைய அம்மா திரும்பிவரும் வரை விரதம் இருந்திருக்கிறார். பேரப்பிள்ளைகள் வந்து விபூதியும் பனங்கட்டியும் கையில் கொடுக்க, அதன் பிறகுதான் சாப்பிட்டாராம். வேறொன்றும் சொல்லவில்லையாம்.

ஆகஸ்ட் 20

மகன் ஒரு கிழமையாகக் கேட்டது: அக்கா இல்லாமல், தான் மட்டும். 12 வயது. முதலில் இல்லை என்றேன். ஜூலையில் நான் எழுதியதைத் திரும்ப வாசித்துவிட்டு, எவ்வளவு தூரம் என்றால் சரி என்று யோசித்தேன். யாழ்ப்பாணத்தில் இருந்து கொடிகாமம், ரயிலில் அரை மணி நேரம் அளவில். அங்கே ஸ்ரேசனில் என் மச்சாள் நிற்பார். இலக்கம் மூன்று மனப்பாடம், இந்தமுறை அவனே சொல்லிக்காட்டினான்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை, அவனே போய்ச் சொன்னான். "அம்மம்மா, நான் நாளைக்குத் தனிய ரெயினிலை கொடிகாமம் போறன்." அம்மா கனநேரம் பேசவில்லை. பிறகு, "எந்தப் பக்கம் சீற்?" என்று கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. "ஜன்னல் பக்கம் இரு. நாவற்குழி வந்தால் வெளியிலை பார்" என்றார்.

அந்த இரவு நாங்கள் நடந்தபோது அந்தப் பாதையில் ரயில் இல்லை. 1990இல் நின்றுபோனது, தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப ரயில் வந்தது 2014இல். மகனுக்கு அப்போது ஒரு வயது, தோளில் தூக்கி வைத்துக் காட்டினோம்.

இன்று விடிய ஏற்றிவிட்டேன். ரயில் புறப்படும்போது கையைக் காட்டினான், ஒரே ஒரு தரம், பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்கிறார்கள் என்ற வெட்கத்தோடு. நான் மேடையில் நின்றேன். பிறகு வெளியே வந்து சைக்கிளைத் திறக்க, திறப்பு துவாரத்துக்குள் போகவில்லை, கை நடுங்கியது.

பத்து மணிக்கு மச்சாளின் போனில் இருந்து அழைத்தான். அம்மாவிடம் கொடுக்கச் சொன்னான். கொடுத்தேன். அம்மா காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அம்மம்மா, பாத்தனான். தண்ணிதான் நிறைய. கொக்கு நிண்டது, வெள்ளை வெள்ளையாய், எண்ணினனான், இருபத்தேழு வரை எண்ணேக்கை பாலம் முடிஞ்சு போச்சு."

"திரும்பி வரேக்கை மிச்சத்தை எண்ணு" என்றார் அம்மா.